வேலியோரம் நின்று பார்ப்பது எப்படி: ரக்பி லீக் கிளப்புக்குப் பிள்ளைகளைத் தேடுபவர்களுக்கு

மேற்கு சிட்னியில் சனிக்கிழமை காலை ஏதாவது ஒரு ஜூனியர் மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். பெற்றோர் கூட்டத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, வேலியோரம், சின்ன நோட்டோடு தனியாக ஒருவர் நிற்பார். அவர் பெரும்பாலும் என்ஆர்எல் என்ற முதன்மை ரக்பி லீக் போட்டியில் ஆடும் ஏதாவது ஒரு கிளப்புக்காக ஆள் பார்க்க வந்த ஸ்கவுட். நானும் சில வருடங்கள் பெட்ரோல் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு அப்படி நின்றவன். இப்போது புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் என்ன பார்ப்பது, எங்கே தேடுவது என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாக: இதில் ஒரு அணிக்கு 13 பேர். பந்தோடு ஓடுபவனைப் பிடித்து நிறுத்துவது டேக்கிள், எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது ட்ரை. ஆறு டேக்கிளுக்குள் ட்ரை போட முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். 15 பேர் ஆடும் ரக்பி யூனியன் வேறு. வேலையை விட்டுவிட்டு ஆட வரும் தொழிலாளிக்கு இழந்த கூலியைக் கொடுக்க வேண்டும் என்ற சண்டையில், 1895இல் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடிப் பிரிந்து வந்த கிளப்புகள் உருவாக்கியது இந்த ஆட்டம்.

சரி, முதல் விஷயம். உடம்பைப் பார்த்து மயங்காதீர்கள். 14 வயது ஆட்டத்தில் மீசை அரும்பிய, தொண்ணூறு கிலோ பையன் ஒருவன் பந்தை வாங்கி, நாலு பேரை இடித்துத் தள்ளிக்கொண்டு நேராக ஓடி ட்ரை போடுவான், மொத்த மைதானமும் கத்தும், உங்கள் கை தானாகவே நோட்டில் அவன் பெயரை எழுதப் போகும். எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் பக்கத்திலேயே அவன் பிறந்த மாதத்தையும் கேட்டு எழுதுங்கள். இங்கே வயதுப் பிரிவை ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று பிரிக்கிறார்கள், அதனால் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே அணியில் ஆடுவார்கள். அந்த வயதில் பதினோரு மாதம் என்பது பெரிய வித்தியாசம். போன வருடம் எவ்வளவு வளர்ந்தான், அப்பா அம்மா என்ன உயரம், அண்ணன் எப்போது வளர்ந்து நின்றான் என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். வளர்ச்சி முடிந்துவிட்ட பையனை 18 வயதில் மற்றவர்கள் எட்டிப் பிடிப்பார்கள். அதுவரை இடித்துக்கொண்டே ஓடிப் பழகியவனுக்கு விலகி ஓடவோ, நேரம் பார்த்துப் பந்தைக் கொடுக்கவோ தேவையே வந்திருக்காது. அப்போது கற்றுக்கொள்வது ரொம்பக் கஷ்டம்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. ஒரு குட்டி ஹாஃப்பேக்கை (ஆட்டத்தை நடத்தும் இடத்தில் ஆடுபவன்) பற்றி என் நோட்டில் "சின்னவன், அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று எழுதி வைத்தேன். அடுத்த வருடம் நான் போவதற்குள் பக்கத்துக் கிளப் அவனை எடுத்துவிட்டது. அதே சீசனில் நான் ஓட்டுப் போட்ட பெரிய பையன் 19 வயதில் ஆட்டத்தையே விட்டுவிட்டான். பின்னாளில் பெரிய ஹாஃப்பேக்கான ஜொனாதன் தர்ஸ்டனையும் இளம் வயதில் ஒல்லி, குட்டை என்று பல கிளப்புகள் வேண்டாம் என்றன. சிட்னியின் புல்டாக்ஸ் கிளப் எடுத்தது. 2015 இறுதி ஆட்டத்தில் கோல்டன் பாயின்ட்டில் (சமநிலைக்குப் பிறகு முதலில் புள்ளி எடுப்பவர் ஜெயிக்கும் கூடுதல் நேரம்) பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து ஃபீல்டு கோல் அடித்து நார்த் குவீன்ஸ்லாந்து கவ்பாய்ஸுக்கு முதல் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். வருடத்தின் சிறந்த வீரருக்கான டாலி எம் பதக்கம் நான்கு முறை அவருக்குக் கிடைத்தது.

அப்படியென்றால் எதைப் பார்ப்பது? பந்து இல்லாதபோது பையன் என்ன செய்கிறான் என்று பாருங்கள். ஒரு மழை நாளில் 15 வயது ஆட்டம் ஒன்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அணி முப்பது புள்ளி பின்னால், இன்னும் பத்து நிமிடம்தான் பாக்கி, பாதிப் பேர் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டார்கள். செகண்ட் ரோ என்ற இடத்தில் ஆடிய ஒரு பையன் காலைப் பிடித்து டேக்கிள் செய்து சேற்றில் விழுந்தான். எழுந்தான். பந்திலிருந்து கண்ணை எடுக்காமல் பின்னால் நடந்தே, டேக்கிளுக்குப் பிறகு தடுக்கும் அணி போய் நிற்க வேண்டிய பத்து மீட்டர் கோட்டுக்கு வந்தான், வரும்போதே உள்பக்கம் நிற்பவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, யாரைப் பிடிக்க வேண்டும் என்று கையைக் காட்டினான். அடுத்த டேக்கிளிலும் அதையே செய்தான். அந்தப் பத்து நிமிடத்தில் ஏழு முறை எண்ணினேன். அவன் அன்றைக்குப் பந்தோடு ஓடியது இரண்டே தடவை, இரண்டிலும் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. நான் எழுதிக்கொண்டு வந்த ஒரே பெயர் அவனுடையது.

இடத்துக்கு இடம் பார்ப்பதும் மாறும். ஹூக்கர் என்றால் தரையிலிருந்து பந்தை எடுத்து இரண்டு பக்கமும் வாங்குபவனின் நெஞ்சு உயரத்துக்கு அனுப்புகிறானா என்று பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் நன்றாக வருபவர்கள்தான் அதிகம். ஹாஃப்பேக் என்றால் பந்து கைக்கு வருவதற்கு முன்னால் அவன் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். எதிரணியில் கடைசியாகப் பின்னால் நிற்கும் ஃபுல்பேக் எங்கே நிற்கிறான் என்று தேடும் பையன் கிடைத்தால் விடாதீர்கள். பந்தைத் தவறவிட்டவன் அடுத்த நிமிடம் என்ன செய்கிறான் என்பது எந்த இடத்துக்கும் பொது. இடத்தைக் கல்லில் எழுதிவிடவும் வேண்டாம். பெரிய ஹாஃப்பேக்காகப் பேர் வாங்கிய கூப்பர் கிராங்க்கை மெல்பர்ன் ஸ்டார்ம் கிளப் முதலில் பல இடங்களில் மாற்றி மாற்றி ஆட வைத்து, 2006இல்தான் ஹாஃப்பேக்காக நிறுத்தியது. யாரையும் ஒரே ஆட்டத்தில் முடிவு செய்யாதீர்கள். குறைந்தது மூன்று தடவை பாருங்கள், அதில் ஒன்று அவன் அணி மோசமாகத் தோற்கும் நாளாக இருக்கட்டும்.

எங்கே தேடுவது என்பதற்கு மேற்கு சிட்னியின் பென்ரித் பாந்தர்ஸ் கிளப் நல்ல உதாரணம். 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு கோப்பை. அந்த மாவட்டத்து ஜூனியர் போட்டி நாட்டிலேயே பெரியவற்றில் ஒன்று. ஜரோம் லுவாயும் பிரையன் டோவும் பக்கத்து மவுண்ட் ட்ரூயிட் பையன்கள். ஆனால் இணைத் தலைவராக நின்ற ஐசயா யோ, சிட்னியிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் டப்போவிலிருந்து வந்தவர், லியாம் மார்ட்டின் டெமோரா என்ற சிற்றூர்க்காரர். வாசலில் இருப்பதையும் பார்த்தார்கள், மலை தாண்டியும் போனார்கள். மெல்பர்னில் உள்ளூர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் ஆஸ்திரேலியன் ரூல்ஸ் கால்பந்து பக்கம் போய்விடுவார்கள் என்பதால், ஸ்டார்ம் குவீன்ஸ்லாந்தை நம்பியது. கேமரன் ஸ்மித், பில்லி ஸ்லேட்டர், கிராங்க் மூவருமே பிரிஸ்பேனின் நார்த்ஸ் டெவில்ஸ் கிளப் வழியாகப் போனவர்கள். இதில் ஸ்லேட்டர் கொஞ்ச காலம் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவர், அப்புறம் வடக்கு குவீன்ஸ்லாந்தின் இன்னிஸ்ஃபெயிலிலிருந்து பிரிஸ்பேனுக்கு வந்து ட்ரயலில் (தேர்வு ஆட்டம்) கலந்துகொண்டு இடம் பிடித்தார். கீப்ரா பார்க், கிர்வன் மாதிரிப் பேர்போன பள்ளிகளுக்கு எல்லா ஸ்கவுட்டும் போவார்கள், நீங்களும் போங்கள், ஆனால் யாரும் போகாத ஊர் ஆட்டத்துக்கும் வருடத்தில் சில தடவை காரை எடுங்கள்.

நியூ சவுத் வேல்ஸில் படிகள் இப்படி: 17 வயதுக்குள் ஹரால்டு மேத்யூஸ் கப், 19க்குள் எஸ்ஜி பால் கப், 21க்குள் ஜெர்சி ஃப்ளெக். பெண் பிள்ளைகளுக்கு 17க்குள் லீசா ஃபியோலா கப், 19க்குள் டார்ஷா கேல் கப். பெண்களின் என்ஆர்எல் 2018இல்தான் தொடங்கியது, அதனால் டச் ஃபுட்பால் (டேக்கிளுக்குப் பதில் கையால் தொட்டாலே போதும் என்ற ஆட்டம்), தடகளம், ஜூடோ ஆடும் பெண்களையும் போய்ப் பாருங்கள். 18 வயதுக்கு முன் முதல் அணியில் ஆட முடியாது என்பதே விதி. 2021இல் ஜோசப் சுவாலி 17 வயதில் ஆடியது தனி அனுமதி வாங்கித்தான். அவரைக் காட்டி எந்தப் பெற்றோருக்கும் ஆசை மூட்டாதீர்கள்.

பையன் பிடித்துவிட்டது என்றால் அடுத்து அவன் வீடு. என்னைக் கேட்டால் பாதி வேலை இங்கேதான். முதல் தடவை போகும்போது ஒப்பந்தத் தாளைக் கொண்டுபோகாதீர்கள், காரிலேயே இருக்கட்டும். சமோவா, டோங்கா, மாவோரி குடும்பங்கள் இந்த ஆட்டத்தின் முதுகெலும்பு. பல வீடுகளில் தாத்தா பாட்டியும் உட்கார்ந்து கேட்டுத்தான் முடிவு சொல்வார்கள், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கானது. அதை மதித்து நாள் கேட்டுப் போங்கள். பயிற்சி வாரத்தில் எத்தனை மாலை, யார் காரில் கூட்டிப்போவார்கள், பள்ளிக்கூடம் மாற வேண்டுமா, பரீட்சை நேரத்தில் என்ன செய்வது என்பதையெல்லாம் நீங்களே முதலில் எடுத்துப் பேசுங்கள், பணம் கடைசியில் வரட்டும். கையெழுத்துக்கு அவசரப்படுத்தாமல், பதிவு பெற்ற ஏஜென்ட்டிடமோ வக்கீலிடமோ காட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். சம்பள உச்சவரம்பு இருக்கும் போட்டி இது, முதல் அணிப் பட்டியலில் 30 பேர்தான். அந்த எண்ணை மறைக்காமல் பையன் முன்னாலேயே சொல்லுங்கள்.

இந்தப் பக்கம் வென்ட்வொர்த்வில், டூங்காபி, பெண்டில் ஹில் எல்லாம் நம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உள்ள இடங்கள். ஆனாலும் வேலியோரத்தில் நம்மவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை, பிள்ளைகள் பெரும்பாலும் கிரிக்கெட்டுக்குப் போகிறார்கள். அடிபடும் என்ற பயம் நியாயமானது. அப்படிக் கேட்கும் அம்மாவிடம் தலையில் அடிபட்டால் உங்கள் கிளப் என்ன செய்யும், யார் பார்ப்பார், எத்தனை நாள் ஆடவிடாமல் வைத்திருப்பார் என்று விவரமாகப் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். எந்த வீட்டிலும் இந்தக் கேள்வி வரும்.

தூர ஊரிலிருந்து கூட்டிவரும் பையன்களை அதிகம் விரட்டுவது வீட்டு நினைப்புதான். அவனை யார் வீட்டில் தங்க வைக்கிறீர்கள் என்பதைக் கோச் தேர்வு மாதிரிக் கவனமாகச் செய்யுங்கள். முதல் இரண்டு மாதம் வாரம் ஒரு முறை அவன் அம்மாவுக்கு நீங்களே போன் செய்யுங்கள். ஊரில் முக்கியமான கல்யாணம், சாவு என்றால் பயிற்சி போனால் போகிறது, அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக, வேண்டாம் என்று சொல்வது. நூறு பேர் ட்ரயலுக்கு வந்தால் எழுபது பேருக்கு மேல் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். பெயர்ப் பட்டியலைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போவதும், இரவு பத்து மணிக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதும் கூடாது. பல மாதம் உழைத்த பிள்ளைக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள். பெற்றோரோடு உட்கார வைத்து, எந்த ஒரு விஷயம் குறைந்தது என்று குறிப்பாகச் சொல்லுங்கள்: இடது பக்கப் பாஸ், பின்னால் ஓடி வரும் வேகம், எதுவோ அது. சொல்லிவிட்டு அவன் பெயரை நோட்டில் அடிக்காதீர்கள். அடுத்த ஏப்ரலில் அவன் ஊர் கிளப்புக்கு எந்த மைதானத்தில் ஆட்டம் என்று அட்டவணை பார்த்து, பெயருக்குப் பக்கத்தில் தேதியோடு எழுதி வையுங்கள்.