பழைய கிரிப்டோ லைப்ரரியைத் துப்புரவு செய்வது எப்படி

2006-இல் டெபியன் லினக்ஸில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க (கிரிப்டோ) லைப்ரரியின் தொகுப்பைப் பராமரித்தவர் ஒரு சின்னத் துப்புரவு வேலை செய்தார். ரேண்டம் எண் உருவாக்கும் கோப்பில் ஒரே மாதிரியான வரி இரண்டு இடங்களில் இருந்தது. மதிப்பு வைக்கப்படாத நினைவகத்தைப் படிக்கிறது என்று, நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்ட் கருவி எச்சரித்ததால் அவர் இரண்டையும் எடுத்துவிட்டார். ஒன்று போனதில் பெரிய நஷ்டம் இல்லை. மற்றொன்றின் வழியாகத்தான் சீரற்ற தரவு முழுவதும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அது போனபின் மிஞ்சியது புராசஸ் எண் மட்டும்தான், அதாவது ஒரு குறிப்பிட்ட வகை, நீளம், கணினிக் கட்டமைப்புக்கு அதிகபட்சம் 32,768 சாவிகள். ஒரு மடிக்கணினியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் உருவாக்கிப் பார்த்துவிடலாம். 2008 மே மாதம்தான் இது வெளியே தெரிந்தது, அதுவரை சாவிகள் உருவாகிக்கொண்டிருந்தன, பூட்டியது திறந்தது, எதுவும் உடைந்ததாகத் தெரியவில்லை.

பழைய கிரிப்டோ நிரலில் கை வைக்கும் எவரும் முதலில் மனதில் வாங்கவேண்டியது இதைத்தான். மற்ற இடங்களில் தப்பு செய்தால் வெளியீடு தப்பாக வந்து காட்டிக்கொடுக்கும். இங்கே வெளியீடு சரியாகவே வரும், பாதுகாப்பு மட்டும் காணாமல் போயிருக்கும். அதனால் எந்த வேலையை முதலில் செய்கிறோம், எதை எதோடு கலக்காமல் செய்கிறோம் என்பது இங்கே ரொம்ப முக்கியம். சி மொழியில் எழுதிய, பத்துப் பதினைந்து வருடப் பழைய லைப்ரரி ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் டெஸ்ட், ஒரு வரியையும் தொடுவதற்கு முன்

பெரும்பாலான பழைய லைப்ரரிகளில் இருக்கும் டெஸ்ட், குறியாக்கம் செய்து திரும்ப அவிழ்த்துப் பார்த்து இரண்டும் ஒன்றா என்று கேட்பதுதான். அது போதாது. போகும்போதும் வரும்போதும் ஒரே தப்பைச் செய்தால் அந்த டெஸ்ட் தேறிவிடும். விடை முன்கூட்டியே தெரிந்த டெஸ்ட் வெக்டர்களைச் சேருங்கள். ஏஇஎஸ் குறியாக்கத்துக்கும் ஷா ஹாஷ் குடும்பத்துக்கும் அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் வெளியிட்டவை இருக்கின்றன, மற்றவற்றுக்கு ஆர்எஃப்சி எனப்படும் இணையத் தர ஆவணங்களில் இருக்கின்றன: சாச்சா20-பாலி1305-க்கு ஆர்எஃப்சி 8439, எக்ஸ்25519-க்கு ஆர்எஃப்சி 7748, எட்25519-க்கு ஆர்எஃப்சி 8032.

இவை எல்லாம் ஒழுங்கான உள்ளீடுகள். தாக்குபவர் ஒழுங்கான உள்ளீடு அனுப்பமாட்டார். அதனால் கூகுள் 2016-இல் வெளியிட்ட வைச்சப்ரூஃப் தொகுப்பையும் கட்டாயம் ஓட்டுங்கள், அதில் வேண்டுமென்றே கெடுத்த கையொப்பங்கள், வளைகோட்டில் இல்லாத புள்ளிகள், அரைகுறையான குறியீட்டு வடிவங்கள் எல்லாம் இருக்கும். உங்கள் லைப்ரரி அவற்றை மறுக்கவேண்டும். முதல் முறை ஓட்டும்போது சில டெஸ்ட் நிச்சயம் விழும், பதறாமல் ஒவ்வொன்றையும் எழுதி வையுங்கள், துப்புரவு தொடங்கும்முன்பே இருந்த பிழை எது, நாம் புதிதாகக் கொண்டுவந்தது எது என்று பிறகு பிரித்துப் பார்க்க அது வேண்டும்.

அப்புறம், இன்றைய நிலையிலேயே லைப்ரரியை ஒருமுறை பில்ட் செய்து அந்த பைனரியைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின் பழைய பைனரிக்கும் புதியதற்கும் ஒரே சீரற்ற உள்ளீட்டைக் கொடுத்து ஒப்பிடும் ஒரு சின்ன நிரல் எழுதுங்கள். நீளங்களை வெறும் சீரற்றவையாக மட்டும் விட்டுவிடாதீர்கள், 0, 1, 15, 16, 17, 63, 64, 65 என்று பிளாக் எல்லைகளை ஒட்டியவற்றைக் குறிப்பாகச் சேருங்கள். தரவைத் துண்டு துண்டாகக் கொடுப்பது, உள்ளீடும் வெளியீடும் ஒரே பஃபராக இருப்பது, இந்த இரண்டிலும்தான் பழைய நிரல் வழுக்கும். நிரல் ஓடும்போதே பிழையைப் பிடிக்கும் கம்பைலர் வசதிகளான முகவரி சானிடைசரையும் வரையறையற்ற நடத்தை சானிடைசரையும் போட்டே இவை எல்லாவற்றையும் ஓட்டுங்கள்.

ஒரு தடை வரலாம். பழைய லைப்ரரிகள் பலவற்றில் வேகத்துக்காக எழுதிய சொந்த நினைவக ஒதுக்கி இருக்கும். நினைவகத்தில் இருப்பதை வெளியாள் படிக்கவிட்ட ஹார்ட்பிளீட் ஓட்டையின் காலத்து ஓப்பன்எஸ்எஸ்எல்லில் அப்படித்தான் இருந்தது, விடுவித்த பஃபர்களை இயங்குதளத்திடம் திருப்பிக் கொடுக்காமல் தன் பட்டியலிலேயே வைத்து மறுபடி பயன்படுத்தியது. அப்படி இருந்தால் இயங்குதளத்தின் பாதுகாப்பும் சானிடைசரும் எதையும் பார்க்க முடியாது. ஆகவே நான் அழிக்கச் சொல்லும் முதல் பொருள் அந்த ஒதுக்கிதான்.

தைரியமாக அழிக்கக்கூடியவை

2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் வெளியானதும் ஓப்பன்பிஎஸ்டி குழு ஓப்பன்எஸ்எஸ்எல்லைப் பிரித்தெடுத்து லிப்ரேஎஸ்எஸ்எல் தொடங்கியது. முதல் வாரத்திலேயே 90,000 வரிகளுக்கு மேல் போனது. போனவற்றில் நிறைய, விஎம்எஸ், ஓஎஸ்/2, 16-பிட் விண்டோஸ் போன்ற இயங்குதளங்களுக்காக வைத்திருந்த கிளைகள். உங்கள் லைப்ரரியிலும் இப்படி நிபந்தனை வைத்துக் கம்பைல் செய்யும் இஃப்டெஃப் காடு ஒன்று இருக்கும். கையால் வெட்டாதீர்கள், அன்இஃப்டெஃப் என்றே ஒரு கருவி இருக்கிறது, எந்த மேக்ரோ இனி இல்லை என்று சொன்னால் அது தொடர்பான கிளைகளை மட்டும் துல்லியமாக எடுத்துத் தரும்.

இதில் ஒரு நல்ல வசதி என்னவென்றால், செத்த கிளையை அழித்தால் கம்பைல் செய்த ஆப்ஜெக்ட் கோப்பு மாறக்கூடாது. ஆகவே அழிப்பதற்கு முன்னும் பின்னும் டிபக் தகவல் இல்லாமல் கம்பைல் செய்து பைட்டுக்கு பைட் ஒப்பிடுங்கள். ஒன்றாக இருந்தால் விவாதமே இல்லை. வரி எண்ணை உள்ளே பதிக்கும் அசெர்ட்டும் பிழை மேக்ரோக்களும் இந்த ஒப்பீட்டைக் கெடுக்கும், ஒப்பிடும்போது மட்டும் அந்த மேக்ரோவை ஒரு மாறாத எண்ணுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பழைய அல்காரிதங்கள் விஷயத்தில் இவ்வளவு வேகம் வேண்டாம். எம்டி5-க்கு மோதல் (வெவ்வேறு தரவுக்கு ஒரே ஹாஷ் வருவது) 2004-இலும் ஷா-1-க்கு 2017-இலும் காட்டப்பட்டுவிட்டது, இணைய இணைப்பைக் காக்கும் டிஎல்எஸ்ஸில் ஆர்சி4-ஐ ஆர்எஃப்சி 7465 2015-லேயே தடை செய்துவிட்டது, டிஇஎஸ்ஸின் 56-பிட் சாவியை 1998-லேயே தனி எந்திரம் கட்டி மூன்று நாளுக்குள் உடைத்துவிட்டார்கள், எல்லாம் சரி. ஆனால் யாரோ ஒருவரின் பழைய பேக்கப் இவற்றில்தான் பூட்டிக் கிடக்கும். இரண்டு திசைகளையும் பிரித்துப் பாருங்கள்: புதிதாகக் குறியாக்கம் செய்வதையும் கையொப்பமிடுவதையும் எடுத்துவிடலாம், அவிழ்ப்பதையும் சரிபார்ப்பதையும் தனி மாட்யூலில், பயனர் கேட்டால் மட்டும் ஏறும்படி வைக்கலாம். மும்மடங்கு டிஇஎஸ்ஸுக்கு நிஸ்ட் எடுத்த முடிவும் இதே மாதிரிதான், 2023 முடிந்தபின் குறியாக்கம் கூடாது, ஏற்கனவே பூட்டியதை அவிழ்க்கலாம். ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0-வும் பழையவற்றைத் தனி லெகசி புரொவைடராக ஒதுக்கியிருக்கிறது.

ஃபார்மேட்டிங்கை ஒரே கமிட்டில் முடித்துவிடுங்கள், அதில் வேறு எதுவும் கலக்கவேண்டாம். நான் ஒருமுறை ஸ்பேஸ் திருத்தத்தோடு ஒரு லாஜிக் திருத்தத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டு, பிறகு பிழையைத் தேடும்போது ஆயிரக்கணக்கான வரிகளுக்குள் அந்த ஒரு வரியைத் தேடி இரண்டு நாள் போனது. கிட் 2.23-இலிருந்து பிளேம் பார்க்கும்போது இப்படிப்பட்ட கமிட்டை ஒதுக்கிவிடச் சொல்லலாம், ஆகவே வரலாறு அழிந்துவிடும் என்ற பயம் வேண்டாம். இஃப் ஒவ்வொன்றுக்கும் அடைப்புக்குறி கட்டாயம் போடுங்கள். 2014-இல் தெரியவந்த பிழை ஒன்றில், ஆப்பிளின் டிஎல்எஸ் நிரலில் ஒரு கோட்டூ ஃபெயில் வரி இரண்டு முறை வந்து, இரண்டாவது வரி இஃப்புக்கு வெளியே விழுந்து, கையொப்பச் சோதனையே தாண்டிப் போனது.

அசிங்கமாகத் தெரியும் வரிகள்

இங்கேதான் நல்ல புரோகிராமர்களே அதிகம் கெடுக்கிறார்கள். இரண்டு பைட் வரிசைகளை ஒப்பிடும் ஒரு லூப் இருக்கும், முதல் பைட்டே வேறாக இருந்தாலும் நிற்காமல் கடைசிவரை ஓடும், எக்ஸார் செய்து ஆர் செய்து சேர்த்துக்கொண்டே போகும். பார்த்தவுடன் மெம்கம்ப் என்று ஒரே வரியாக மாற்றத் தோன்றும். மாற்றாதீர்கள். மெம்கம்ப் வேறுபாடு கண்ட இடத்தில் நின்றுவிடலாம், எவ்வளவு நேரம் எடுத்தது என்று அளந்தே, செய்தி திருத்தப்படவில்லை என்று காட்டும் சரியான குறிச்சொல்லை ஒவ்வொரு பைட்டாகக் கண்டுபிடிக்க வழி கிடைத்துவிடும். இஃப் எழுதவேண்டிய இடத்தில் மாஸ்க் வைத்து இரண்டு மதிப்பையும் கணக்கிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, ஒரே ஒரு உறுப்பை எடுப்பதற்கு அட்டவணை முழுவதையும் படிப்பது, இவையும் அதே காரணத்துக்காகத்தான். ரகசியத்தைப் பொறுத்து கிளையும் மாறக்கூடாது, நினைவக முகவரியும் மாறக்கூடாது, வகுத்தலும் கூடாது. குவாண்டம் கணினிக்கும் தாங்கும்படி வடிவமைத்த கைபர் அல்காரிதத்தின் நிரல்களில் 2023 இறுதியில் வெளியான கைபர்ஸ்லாஷ் ஓட்டை ஒரு சாதாரண வகுத்தல் குறியால்தான் வந்தது.

இப்படிப்பட்ட தந்திரங்களை எல்லாம் ஒரே கோப்புக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றுக்கும் தெளிவான பெயர் கொடுத்து, ஏன் இப்படி இருக்கிறது என்று மேலே கமெண்ட் எழுதுங்கள். நவீனமாக்குவது என்றால் என்னைப் பொறுத்தவரை இதுதான் பெரிய லாபம், அடுத்து வருபவர் கை வைக்கும்முன் யோசிப்பார்.

மூல நிரல் சரியாக இருந்தும் கம்பைலர் கெடுக்கலாம். கைபர் குறிப்பு நிரலில் மாஸ்க் வைத்து எழுதிய ஓரிடத்தை கிளாங் சில அமைப்புகளில் கிளையாக மாற்றிவிட்டது என்று 2024-இல் தெரியவந்தது. ஆகவே பைனரியைத்தான் சோதிக்கவேண்டும். ரகசிய பைட்டுகளை மதிப்பு வைக்கப்படாதவை என்று வால்கிரைண்டிடம் அறிவித்துவிட்டு ஓட்டினால், அவற்றை வைத்து எங்கே கிளை பிரிகிறதோ, எங்கே அட்டவணை எடுக்கப்படுகிறதோ அங்கே அது கத்தும். டெபியனைத் தவறான பக்கம் இழுத்த அதே எச்சரிக்கை இங்கே நமக்காக வேலை செய்கிறது. நேரத்தை அளந்து புள்ளியியல் முறையில் பார்க்க டூடெக்ட் இருக்கிறது. கம்பைலர் பதிப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் இரண்டையும் திரும்ப ஓட்டுங்கள்.

ஃபங்ஷன் முடிவில் சாவியைப் பூஜ்யமாக்கும் மெம்செட்டும் இதே கதை. அதற்குப்பின் யாரும் அந்த நினைவகத்தைப் படிக்கவில்லை என்று கண்டு கம்பைலர் அந்த வரியைத் தூக்கிவிடும், சாவி அங்கேயே கிடக்கும். ஓப்பன்பிஎஸ்டியின் எக்ஸ்பிளிசிட் பிஜீரோ, விண்டோஸின் செக்யூர்ஜீரோமெமரி, சி23-இன் மெம்செட் எக்ஸ்பிளிசிட், எது கிடைக்கிறதோ அதைப் போடுங்கள்.

பேடிங் (பிளாக்கை நிரப்பச் சேர்க்கும் பைட்டுகள்) சோதனைப் பகுதியைக் கடைசியாக, தனியாக, இன்னொருவர் உடன் உட்கார்ந்து பார்க்கும்போது மட்டுமே தொடுங்கள். 2013-இல் வந்த, பேடிங் சோதனைக்கு ஆகும் நேரத்தை அளக்கும் லக்கி தர்ட்டீன் தாக்குதலுக்கு ஓப்பன்எஸ்எஸ்எல்லில் செய்த திருத்தத்தில் ஒரு நீளச் சோதனை விட்டுப்போய், அதுவே 2016-இல் சிவிஇ-2016-2107 என்ற புதிய ஓட்டையாக வந்தது. அந்த வேலையைச் செய்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள்தான்.

ஏபிஐ

திருப்பித் தரும் மதிப்புகளை முதலில் பாருங்கள். ஓப்பன்எஸ்எஸ்எல்லில் கையொப்பம் சரிபார்க்கும் ஃபங்ஷன் சரி என்றால் 1, தப்பு என்றால் 0, வேறு கோளாறு என்றால் -1 தந்தது. அழைத்தவர்கள் பூஜ்யமா என்று மட்டும் கேட்டார்கள், -1 வெற்றியாகிவிட்டது, அதுதான் சிவிஇ-2008-5077. உள்ளே எத்தனை வகைப் பிழை இருந்தாலும் வெளியே ஆம், இல்லை இரண்டுதான் போகவேண்டும். நீளங்களை இன்ட்டிலிருந்து சைஸ்-டிக்கு மாற்றுங்கள், மாற்றும்போது எங்கெல்லாம் -1-ஐ நீளமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று தேடுங்கள், நிச்சயம் இருக்கும். ஸ்ட்ரக்டுகளை வெளியே காட்டாமல் மறையுங்கள், ஓப்பன்எஸ்எஸ்எல் 2016-இல் 1.1.0-வில் இதைச் செய்தபோது நிறையப் பேரின் நிரல் கம்பைல் ஆகாமல் நின்றது, ஆனால் அதைச் செய்யாமல் உள்ளே எதையும் மாற்ற முடியாது. சொந்த ரேண்டம் உருவாக்கி இருந்தால் எடுத்துவிட்டு இயங்குதளத்திடம் கேளுங்கள், லினக்ஸில் 3.17-இலிருந்து கெட்ரேண்டம் இருக்கிறது.

எல்லாவற்றையும் தூக்கிப் போட்டு ரஸ்ட்டில் புதிதாக எழுதலாமே என்று யாராவது கேட்பார்கள். புது நிரலுக்குப் புதுப் பிழை வரும்: சிவிஇ-2022-3602, ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0-வுக்காகப் புதிதாகச் சேர்த்த பியூனிகோட் (பிறமொழி டொமைன் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதும் முறை) பகுதியில் வந்தது, பழைய 1.1.1-இல் அது இல்லை. மாற்றியே ஆகவேண்டும் என்றால் ஏஎஸ்என்.1 (சான்றிதழ்கள் எழுதப்படும் தரவு வடிவம்), சான்றிதழ் படிக்கும் பகுதிகளில் தொடங்குங்கள், வெளியாள் அனுப்பும் நீளங்களை நம்பி பாயிண்டரை நகர்த்தும் இடம் அதுதான், நினைவகப் பாதுகாப்புள்ள மொழிக்கு அங்கே பலன் அதிகம். வளைகோட்டுக் கணக்குப் பகுதியைக் கையால் திரும்ப எழுதவேண்டாம். ஃபியட்-கிரிப்டோ, ஹேக்கிள்-ஸ்டார் போன்றவை கணித நிரூபணத்தோடு உருவாக்கிய நிரலைத் தருகின்றன, ஃபயர்ஃபாக்ஸ் 2017-இலிருந்தே ஹேக்கிள்-ஸ்டார் நிரலைப் பயன்படுத்துகிறது, அதை எடுத்து உங்கள் ஒப்பீட்டு டெஸ்ட்டில் போட்டு ஓட்டிவிட்டுச் சேருங்கள்.

வெளியிடும்போது, எடுக்கப்போகும் ஃபங்ஷன்களுக்கு ஒரு பதிப்பு முழுவதும் கம்பைலர் எச்சரிக்கை மட்டும் வரட்டும், அடுத்த பெரிய பதிப்பில் எடுங்கள். முன்பு ஏற்று இப்போது மறுக்கும் உள்ளீடுகளைத் தனிப் பட்டியலாக, எடுத்துக்காட்டு பைட்டுகளோடு வெளியீட்டுக் குறிப்பில் எழுதுங்கள், ஏனென்றால் முதலில் வரும் புகார் "நேற்றுவரை வேலை செய்த சான்றிதழ் இன்று வேலை செய்யவில்லை" என்பதாகத்தான் இருக்கும், அப்போது அந்தச் சோதனையைத் தளர்த்தச் சொல்லி வரும் திருத்தத்தை ஏற்பதற்கு முன் அந்தப் பட்டியலை எடுத்துப் பாருங்கள்.