சிறுநீரக மாற்றுப் பெற்றவருக்கு இருமலா? வைரஸ் நுரையீரல் தொற்றைக் கண்டறியும் முறை

சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை கண்டியிலோ கொழும்பிலோ நடந்திருந்தாலும், இருமலும் மூச்சுத்திணறலும் வரும்போது அந்நோயாளி முதலில் வந்து சேர்வது கிளிநொச்சி, முல்லைத்தீவு அல்லது வவுனியா வைத்தியசாலைக்குத்தான். இவ்விளக்கம் அங்கே புதிதாகப் பணியேற்கும் வைத்தியர்களுக்கும் தாதியர்களுக்கும் உரியது.

முதற்படி, சந்தேகப்படுவது. மாற்றிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காதிருக்கக் கொடுக்கப்படும் டாக்ரோலிமஸ், மைகோஃபினோலேட், பிரட்னிசொலோன் ஆகியவை உடலின் எதிர்ப்பை அடக்கிவைப்பதால் கடுமையான நிமோனியாவிலும் காய்ச்சல் ஏறாமல் இருக்கலாம். ஆகவே வெப்பமானியை நம்பி நோயாளியை வீட்டுக்கு அனுப்பாமல், மூச்சு வீதத்தை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். ஒட்சிசன் செறிவை அமர்ந்திருக்கும்போதும் சிறிது நடந்த பின்னும் அளந்து பாருங்கள். கட்டிலைத் தனியாக ஒதுக்கி முகக்கவசம் கொடுப்பதும் அப்போதே நடக்க வேண்டும்.

அடுத்து, சிறுநீரக மாற்று எப்போது நடந்தது என்று கேளுங்கள். சைட்டோமெகலோ வைரஸ் பெரும்பாலும் முதல் மாதத்துக்குப் பின், குறிப்பாக அதற்கெதிரான வல்கான்சிக்ளோவிர் தடுப்பு மருந்து நிறுத்தப்பட்ட பின்னர் தலைகாட்டும். இன்புளுவென்சா, ஆர்எஸ்வி என்னும் சுவாச வைரஸ், கொரோனா போன்றவையோ வீட்டில் ஒரு பிள்ளைக்குத் தடிமன் வந்தால் எந்தக் காலத்திலும் தொற்றும். அண்மையில் உறுப்பு நிராகரிப்புக்காக மருந்து கூட்டப்பட்டதா என்பதையும் கிளினிக் கொப்பியில் பாருங்கள். வயலில் இறங்கியவரா என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள்: மாரிகாலத்தில் மண்ணிலுள்ள பாக்டீரியாவால் வரும் மெலியோய்டோசிஸும் எலிக்காய்ச்சலும் வைரஸ் நிமோனியாவைப் போலவே தோன்றக்கூடும்.

மாதிரி எடுப்பதில்தான் பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன. மூக்கின் முன்பகுதியைத் தடவி எடுப்பது போதாது. செயற்கை நார் நுனியுள்ள துடைப்பானை மேல்நோக்கித் தள்ளாமல், மூக்கின் அடித்தளத்தை ஒட்டிக் கிடையாகச் செலுத்தி, பின்சுவரில் தடை உணரப்பட்டதும் சில விநாடிகள் நிறுத்திச் சுழற்றி எடுக்க வேண்டும்; மரக்காம்புத் துடைப்பான், வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையைக் குழப்பும் என்பதால் அதைப் பயன்படுத்தக் கூடாது. வைரஸ் கடத்தும் திரவத்தில் இட்டு, பெயரும் நேரமும் எழுதி, 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைத்து, 72 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் சேர்ப்பியுங்கள். ஏ-9 வீதியில் யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ செல்லும் வாகனம் எப்போது புறப்படும் என்று விசாரித்துவிட்டு மாதிரி எடுப்பது, எடுத்துவிட்டு வாகனம் தேடுவதை விட நல்லது.

வைரஸின் புரதத்தைத் தேடும் விரைவு அன்டிஜன் சோதனை நேர்மறையானால் பயனுண்டு. எதிர்மறையானால் எதையும் விலக்காது, பிசிஆர் வேண்டும். எதிர்ப்பொருள் சோதனையை இங்கு நாடவேண்டாம். அடக்கப்பட்ட உடல் எதிர்ப்பொருளைப் பிந்தியே உருவாக்கும், சிலவேளை உருவாக்காமலே விட்டுவிடும்.

எக்ஸ்றே ஆரம்பத்தில் சாதாரணமாகவே இருக்கலாம். அறிகுறிகள் தொடர்ந்தால் சீ.ரீ. ஸ்கான் கேளுங்கள். அதில் இருபுறமும் மங்கிய கண்ணாடி போன்ற நிழல் தெரிந்தால் வைரஸ் என்று முடிவுகட்ட முடியாது. நியூமோசிஸ்டிஸ் பூஞ்சையும் அதே படத்தைத் தரும்.

மூக்கு மாதிரி எதிர்மறையாகவும் நுரையீரல் மோசமாகவும் இருந்தால், மூச்சுக்குழாய் கழுவுநீர் (நுரையீரலுக்குள் நீர் செலுத்தி மீட்டெடுக்கும் மாதிரி) எடுக்கக்கூடிய மையத்துக்கு மாற்றுங்கள். அந்நீரில் சைட்டோமெகலோ வைரஸ் தென்படுவது மட்டும் நிமோனியாவுக்குச் சான்றாகாது, ஏனெனில் அது நோய் செய்யாமலும் அங்கே வெளிப்படும். குருதியிலுள்ள வைரஸ் அளவு, படம், நோயாளியின் நிலை மூன்றையும் சேர்த்தே தீர்மானிக்க வேண்டும். சளியைக் காசநோய்க்கும் அனுப்புங்கள்; ஒரு கிருமி கிடைத்ததால் இன்னொன்று இல்லை என்றாகாது.

இன்புளுவென்சா ஐயம் வலுவாக இருந்தால் முடிவு வரும்வரை அதற்கான மருந்தாகிய ஒசெல்டாமிவிரைத் தாமதிக்க வேண்டாம், அளவைச் சிறுநீரகச் செயற்பாட்டுக்கு ஏற்பக் குறையுங்கள். ஆனால் சிறுநீரக மாற்றுப் பிரிவுடன் தொலைபேசியில் பேசாமல் நோயெதிர்ப்பு அடக்கும் மருந்துகளில் கைவைக்காதீர்கள். வழக்கம்போல் கிளரித்ரோமைசின் என்ற அன்டிபயோட்டிக்கை எழுதவும் வேண்டாம், அது டாக்ரோலிமஸின் குருதி அளவை உயர்த்தி, மாற்றப்பட்ட சிறுநீரகத்தையே பாதிக்கக்கூடும்.