கிராமத்தில் கண் முகாம் நடத்துவோருக்கு

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. அது பரவலாக்கிய முறையில் மருத்துவக் குழு மருத்துவமனையுடையது. இடம், விளம்பரம், சாப்பாடு ஊர்க்காரர்கள் பொறுப்பு.

பள்ளிக்கூடம்தான் தோதான இடம். பார்வை சோதிக்க 6 மீட்டரை டேப் வைத்து அளந்து சுண்ணாம்புக் கோடு போடுங்கள். காலடிக் கணக்கு வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு, ஆங்கில 'E' எழுத்து பல பக்கம் திரும்பியிருக்கும் அட்டை; எந்தப் பக்கம் என்று கையால் காட்டினால் போதும். ஒரு கண்ணை உள்ளங்கையால், அழுத்தாமல் மூடச் சொல்லுங்கள். விரல் என்றால் இடுக்கு வழியே பார்ப்பார்கள்; அழுத்தினால் அடுத்து சோதிக்கும்போது அந்தக் கண் மங்கும். மங்கலாகத் தெரிந்தால் ஊசித்துளை அட்டை வழியே பார்க்கட்டும். தெளிந்தால் பெரும்பாலும் கண்ணாடி போதும்; தெளியாவிட்டால் கண்புரையோ விழித்திரைக் கோளாறோ இருக்கலாம், மருத்துவர் பார்க்க வேண்டும்.

முகாமுக்கு முந்தின நாள் ஆட்டோவில் மைக் கட்டும்போது, "சாப்பிட்டு, சுகர், பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டு, மாற்றுத்துணியோடு வாருங்கள்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் வரிசையில் நின்று மயங்கி விழுபவர்கள் உண்டு. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ எகிறியிருந்தால் அறுவை தள்ளிப்போகும்.

அறுவைக்குத் தேர்வானவர்களை அன்றே மருத்துவமனைக்கு வண்டியேற்றுங்கள். "அடுத்த வாரம் வாங்க" என்றால் பலர் வரமாட்டார்கள்: பஸ் காசு, துணைக்கு ஆள், வீட்டில் ஆடு மாடு. அறுவை இலவசம் என்று மட்டும் சொன்னால் போதாது. போக்குவரத்தும் சாப்பாடும் இலவசம் என்பதையும் உரக்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனை அதே பள்ளிக்கூடத்தில். தேதியை முன்பே குறித்துவிடுங்கள்.