தொடர்களில் கடிதமும் செல்போனும்: ஒரு காட்சியை ஆராய்வது எப்படி?

கடிதம், தந்தி, எஸ்.டி.டி. பூத் (காசு கொடுத்து வெளியூருக்குப் பேசும் தொலைபேசிக் கடை), செல்போன், வாட்ஸ்அப் என்று தகவல்தொடர்பு மாறிவந்த விதத்தைத் தொலைக்காட்சித் தொடர்கள் எப்படிக் காட்டுகின்றன என்று ஆராய்ந்து எழுத விரும்பும் புதியவர்களுக்காக, குறிப்பாகத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஊடகம் படிக்கும் மாணவர்களுக்காக, இதை எழுதுகிறேன்.

படி 1: இரண்டே காட்சிகளைத் தேர்ந்தெடுங்கள்

முழுத் தொடரையும் எடுத்துக்கொண்டால் பாதியிலேயே சலிப்புத் தட்டிவிடும். 2000-ஐ ஒட்டி வந்த ஒரு தொடர், இன்று ஒளிபரப்பாகும் ஒரு தொடர் ஆகியவற்றிலிருந்து, முக்கியமான செய்தி ஒருவரிடமிருந்து இன்னொருவரைச் சென்றடையும் காட்சி ஒவ்வொன்றை எடுங்கள்.

படி 2: யார் காத்திருக்கிறார், யார் காதில் விழுகிறது?

இந்த ஆய்வின் உயிர்நாடியே இதுதான். பென்னாகரத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர், ஊரிலுள்ள மளிகைக் கடையின் பி.பி. நம்பருக்கு (வீட்டில் தொலைபேசி இல்லாதவர்கள் தங்களை அழைக்கக் கொடுக்கும் அக்கம்பக்கத்தார் எண்) பேசுவதாக ஒரு காட்சியை வைத்துக்கொள்வோம். "பத்து நிமிஷம் கழிச்சுக் கூப்பிடுங்க, ஆள் அனுப்புறேன்" என்று கடைக்காரர் வைத்துவிடுகிறார். மனைவி மூச்சிரைக்க ஓடிவந்து, பொருள் வாங்க நிற்பவர்களின் முன்னிலையில் பேச வேண்டியிருப்பதால், சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு "நல்லா இருக்கேன்" என்கிறார். அங்கே பூத்தில் நிற்கும் கணவரின் கண்ணோ மீட்டரில் ஏறும் சிவப்பு எண்களிலேயே இருக்கிறது. காத்திருப்பு, கூச்சம், காசுக் கவலை ஆகிய மூன்றையும் அந்தத் தொலைபேசியே கதைக்குக் கொடுத்துவிடுகிறது.

இன்று அதே தம்பதி வீடியோ காலில் பேசினால் இவற்றில் ஒன்றும் இருக்காது. ஆகவேதான் சார்ஜ் தீர்ந்த போன், கிடைக்காத டவர், மாமியார் எடுத்துவிடும் அழைப்பு என்று இன்றைய கதாசிரியர்கள் தடைகளைத் தேடிப் புகுத்துகிறார்கள். வாட்ஸ்அப்பில் 2014-இல் வந்த நீல டிக், படித்துவிட்டும் பதில் சொல்லாத மௌனத்தையே கண்ணால் காணும்படி செய்தது; அதை நன்கு பயன்படுத்தும் காட்சி கிடைத்தால் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: காலம் பொருந்துகிறதா?

இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து டெல்லிக்குச் சென்றது. 2003 வரை உள்வரும் அழைப்புக்கும் கட்டணம் இருந்ததால், 1998-இல் நடக்கும் கதையில் ஒரு கூலித் தொழிலாளி செல்போனில் மணிக்கணக்கில் பேசினால் அது பிழை. தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. நம் பகுதிக்கே உரிய சான்றும் உண்டு: கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9 அன்றுதான் என்பதால், 2001-இல் அவ்வூருக்கு வரும் இன்லேண்டு கடிதத்தில் 'தருமபுரி மாவட்டம்' என்றே எழுதியிருக்க வேண்டும். எஸ்.டி.டி. எண்ணாகத் தருமபுரிக்கு 04342, கிருஷ்ணகிரிக்கு 04343, ஓசூருக்கு 04344 வருகின்றனவா என்றும் பாருங்கள்.

படி 4: திரையில் காட்டும் முறை

கடிதத்தை எழுதியவரின் குரலில் கேட்கச் செய்வது பழைய வழக்கம். பிபிசியின் 'ஷெர்லாக்' தொடர் (2010) குறுஞ்செய்தியை நடிகரின் அருகிலேயே எழுத்தாக மிதக்கவிட்டது. நம் தொடர்களிலோ பாத்திரங்கள் செய்தியை வாய்விட்டுப் படிப்பதைக் காண்கிறோம். அடுப்படியில் வேலை செய்துகொண்டே காதால் கதையைத் தொடர்பவர்களுக்கு அது உதவும் என்பதால், அதைக் குறையாக நான் கருதவில்லை. அமெரிக்கத் தொடரான 'தி வயர்' (2002–2008) இன்னும் ஒரு படி மேலே போகிறது: பேஜரும் (செய்தியைப் பெறுவதற்கான சிறு கருவி) பொதுத் தொலைபேசியும் பயன்படுத்திய போதைப்பொருள் கும்பல், பிறகு பேசிவிட்டு எறியும் செல்போனுக்கு மாற, ஒட்டுக்கேட்கும் காவலர்களும் தங்கள் வழியை மாற்றவேண்டி வருகிறது. அங்கே சாதனம் மாறுவதே கதையை நகர்த்துகிறது.

படி 5: சாதனத்தை மாற்றி எழுதுங்கள்

பழைய காட்சியை வாட்ஸ்அப் வைத்தும், புதிய காட்சியைக் கடிதம் வைத்தும் ஒரு பக்கத்துக்குள் திருப்பி எழுதுங்கள். எந்த வசனத்தில் கதை நகர மறுக்கிறதோ அந்த வசனத்தின் கீழ் கோடிட்டு, அது ஏன் அங்கே நின்றுபோனது என்ற விளக்கத்தையே உங்கள் கட்டுரையின் முதல் பத்தியாக எழுதத் தொடங்குங்கள்.