நீலம் சிவப்பாகும் பலபடி: கரைசலில் அமினோ அமிலத்தைச் சோதிக்கும் செய்முறை

பாலிடைஅசெட்டிலீன் என்னும் பலபடி, சங்கிலி நேராக நீண்டிருக்கும்போது நீலமாகவும், சங்கிலி முறுக்கிக்கொள்ளும்போது சிவப்பாகவும் தோன்றும். டைஅசெட்டிலீன் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தால் ஒளி பட்டே இணைந்துவிடும் என்பதை 1969இல் கெர்ஹார்ட் வெக்னர் விளக்கினார். வேலூர், வாணியம்பாடி பகுதிகளின் கல்லூரி ஆய்வகங்களில், இந்த நிறமாற்றத்தைக் கொண்டு அமினோ அமிலத்தைச் சோதிக்கும் செய்முறையை முதன்முதலாகச் செய்ய விரும்பும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதற்படியாக, 10,12-பென்டகோசாடையினோயிக் அமிலம் என்னும் டைஅசெட்டிலீனை 7.5 மில்லிகிராம் எடுத்துச் சிறிதளவு குளோரோஃபார்மில் கரைத்து, புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்து முழுவதும் ஆவியாக்கவும். அதில் 20 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீர் சேர்த்தால் செறிவு ஏறத்தாழ 1 மில்லிமோலாரில் நிற்கும். பாலாற்றுப் படுகையின் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினநீர். அதிலுள்ள கால்சியம் அயனிகள் அமிலத்தின் கார்பாக்சில் முனைகளோடு பிணைந்து அவற்றைத் திரளச் செய்யும் என்பதால், குழாய் நீரைத் தொடவே வேண்டாம்.

அடுத்து, கலவையை 80 டிகிரி செல்சியஸில் வைத்து, பால்போன்ற கலங்கல் தெளியும் வரை மீயொலிக் கருவியால் கலக்கி, சூடாகவே வடிகட்டி, ஓரிரவு 4 டிகிரியில் குளிரவிடவும். பின் திறந்த பெட்ரி தட்டில் ஊற்றி 254 நானோமீட்டர் புற ஊதா விளக்கின் கீழ் சில நிமிடங்கள் வைத்தால் ஆழ்ந்த நீலம் தோன்றும். சாதாரணக் கண்ணாடி மூடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

சோதனையில்தான் கவனம் அதிகம் தேவை. நீலக் கரைசலை ஐந்து குழாய்களில் சம அளவாகப் பிரித்து, வெறும் நீர், கிளைசின், தனி லைசின் (உப்பாக மாற்றப்படாதது), லைசின் ஹைட்ரோகுளோரைடு (அதன் உப்பு), தனி லைசினின் பி.எச். அளவுக்குச் சரிசெய்த சோடியம் ஹைட்ராக்சைடு ஆகியவற்றை ஒவ்வொன்றிலும் சம பங்கு சேர்க்கவும். தனி லைசின் காரத்தன்மை உடையது. அந்தக் குழாய் ஊதாவாகவோ சிவப்பாகவோ மாறி, சோடியம் ஹைட்ராக்சைடு குழாயும் அவ்வாறே மாறி, ஹைட்ரோகுளோரைடு குழாய் நீலமாகவே இருந்தால், நீங்கள் கண்டது லைசினை அல்ல, காரத்தை. இந்த ஒப்பீடு இல்லாத நிறமாற்றப் படங்களை நான் நம்புவதில்லை.

ஆகவே இரண்டாம் சுற்றில் எல்லா அமினோ அமிலங்களையும் 10 மில்லிமோலார் ஹெப்பெஸ் தாங்கலில் (பி.எச். எளிதில் மாறாமல் காக்கும் கரைசல்), பி.எச். 7.4 என நிலைநிறுத்திச் சேர்க்கவும். நிறத்தைக் கண்ணால் மட்டும் மதிப்பிடாமல், நிறமாலைமானியில் 640 நானோமீட்டர், 540 நானோமீட்டர் ஆகிய இரண்டின் உட்கவர்தலையும் அளந்து, முதலாவதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்கவும். இந்த விகிதம் சேர்ப்பதற்கு முன்பிருந்ததைவிட எத்தனை விழுக்காடு குறைந்தது என்பதே நிறமாற்ற அளவு.

தாங்கலில் மாற்றம் ஏதும் தென்படாவிட்டால் வியப்பில்லை. குறிப்பிட்ட ஓர் அமினோ அமிலத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் ஏற்பியை டைஅசெட்டிலீன் அமிலத்தின் முனையில் வேதிவழியாக இணைத்த பிறகே உணரி தெரிவுத்தன்மை பெறும்.