விமானம் ஆடினால் சென்சிட்டிவிட்டியைத் தொடாதீர்கள்

வீட்டுக் கணினியில் சிமுலேட்டர் வழியாகப் போயிங் 737, ஏர்பஸ் ஏ320 ஓட்டத் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "விமானம் நிலையாகவே நிற்க மாட்டேன் என்கிறது, என்ன செய்வது?" மூக்கு மேலும் கீழும் ஆடுகிறது. அல்லது ஒரு பக்கமாகவே சாய்கிறது. நடுவானில் ஒழுங்காக வந்தது, ஓடுபாதை கண்ணில் பட்டதும் கட்டுப்பாட்டை விட்டுப் போகிறது. அதன்பிறகு அவர்கள் செய்வதைப் பார்த்தால், பழைய ஆட்கள் நாங்கள் எல்லோரும் ஒரு காலத்தில் நடந்த அதே பாதை. கேபிள் சரியாகச் செருகவில்லை, காலிபரேஷன் செய்யவில்லை என்பதையெல்லாம் இங்கே எழுதவில்லை. அவை அரை மணி நேரத்தில் தானாகவே தெரிந்துவிடும். மாதக்கணக்கில் அலைக்கழிக்கிறவை வேறு. அந்தத் தவறுகள்தான் கீழே.

ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்காமல் இருப்பது

"ஆடுகிறது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எத்தனை விநாடிக்கு ஒருமுறை என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் காரணம் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது.

காற்றும் மேகமும் இல்லாத வானிலையைத் தேர்ந்தெடுங்கள். 737ஐ 10,000 அடியில் 250 நாட் வேகத்தில் நேராகப் பறக்கவிட்டு, ட்ரிம் செய்து (கை அழுத்தம் இல்லாமலே மூக்கு நிற்கும்படி சரிசெய்து), ஆட்டோபைலட்டை அணைத்துவிட்டுக் கையை எடுங்கள். மூக்கு மெதுவாக எழும்பும், வேகம் குறையும். பிறகு மூக்கு தாழும், வேகம் கூடும். ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமாக ஆகும். இதற்கு ஃபூகாய்டு என்று பெயர். பெரும்பாலான விமானங்களில் இயல்பாகவே இருப்பது, விட்டுவிட்டால் பெரும்பாலும் தானே அடங்கும். இதைக் கோளாறு என்று நினைத்து எத்தனை பேர் அமைப்புகளைக் கலைத்திருக்கிறார்கள்!

ஆட்டம் இரண்டு முதல் ஐந்து விநாடிக்கு ஒருமுறை என்றால் கதை வேறு. கை ஸ்டிக்கில் இருந்தால் கையைச் சந்தேகியுங்கள். ஆட்டோபைலட் ஓட்டிக்கொண்டிருந்தால் ஃபிரேம் எண்ணிக்கையை (விநாடிக்கு எத்தனை படம் திரையில் வருகிறது என்பதை) பாருங்கள். தாளமே இல்லாமல் திடீர் திடீரென்று வெட்டி இழுத்தால் ஜாய்ஸ்டிக்கின் உள்ளே அசைவை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்திருக்கிறது. எப்போதும் ஒரே பக்கம் இழுத்தால், இரண்டு த்ராட்டில் நெம்புகோல்களும் ஒரே அளவில் இருக்கின்றனவா, ரடர் (வால் சுக்கான்) ட்ரிம் பூஜ்யத்தில் இருக்கிறதா, இரண்டு இறக்கைத் தொட்டிகளிலும் எரிபொருள் சமமாக இருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள்.

சென்சிட்டிவிட்டி வளைவில் கை வைப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுகிற தவறு இதுதான். மூக்கு ஆடிய மறுநிமிடமே அமைப்புப் பக்கத்தைத் திறந்து, எலிவேட்டருக்கான (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) சென்சிட்டிவிட்டியை, அதாவது ஸ்டிக்கின் அசைவு எவ்வளவு கட்டளையாக மாற வேண்டும் என்ற வளைவை, −50, −70, −80 என்று இறக்கிவிடுகிறார்கள். உடனே நடுப்பகுதி மென்மையாகிவிடும். விமானம் திருந்திவிட்டது போலத் தெரியும். உண்மையில் பிரச்சினை வேறொரு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த இடம் தரையிறங்கும் இடம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். வளைவை ஒரு கன வளைவு என்று வைத்துக்கொள்வோம். ஸ்டிக்கைப் பாதி தூரம் தள்ளினால் எலிவேட்டருக்குப் போவது எட்டில் ஒரு பங்கு கட்டளைதான். மீதிப் பாதி தூரத்துக்குள் எட்டில் ஏழு பங்கும் அடங்க வேண்டும். உயரத்தில் வேகமாகப் பறக்கும்போது சின்ன அசைவே போதும் என்பதால் இது தெரியாது. இறங்கும்போது வேகம் குறைந்து, எலிவேட்டர் அதிகம் திரும்ப வேண்டியிருக்கும். அப்போது கை அந்தச் செங்குத்தான பகுதிக்குள் போகிறது. முதலில் இழுத்தால் ஒன்றும் நடக்காது. இன்னும் கொஞ்சம் இழுப்பீர்கள். சட்டென்று மூக்கு எகிறும். பயந்து தள்ளுவீர்கள். ஓடுபாதைக்கு 200 அடி மேலே ஊஞ்சல் தொடங்கிவிடும்.

கோவையிலிருந்து ஒரு தம்பி பேசினார். "அண்ணா, 737 மூக்கை ஆட்டிக்கிட்டே இருக்கு. யோக்கே புதுசா வாங்கிட்டேன், அப்பவும் ஆடுது." சேர்த்து வைத்த பணம் முழுவதும் அந்த யோக்கில் (விமானியின் கைச்சக்கரம் போன்ற கருவி) போயிருந்தது. திரையைப் பகிரச் சொல்லிப் பார்த்தேன். சென்சிட்டிவிட்டி −80. "கையை எடுங்க" என்றேன். எடுத்த பிறகும் எலிவேட்டர் துடித்தது. மேசைக்குக் கீழே ஒரு பழைய கேம்பேட் செருகியே கிடந்தது. சிமுலேட்டர் அதன் சிறிய ஸ்டிக்கையும் தானாகவே எலிவேட்டரோடு இணைத்து வைத்திருந்தது. தேய்ந்துபோன அந்த ஸ்டிக்கிலிருந்து ஓயாமல் கட்டளை வந்துகொண்டிருந்தது. பிடுங்கியதும் துடிப்பு நின்றுவிட்டது. ஆனால் மீனம்பாக்கத்தின் 07 ஓடுபாதையில் அவரால் மேலும் பல வாரங்களுக்கு ஒழுங்காக இறக்க முடியவில்லை. அந்த −80க்குக் கை பழகிவிட்டிருந்தது. வளைவை நேராக்கிய பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டியதாயிற்று. யோக்குக்குப் போன பணத்தைவிட, வீணாகப் போன அந்தப் பழக்கம்தான் எனக்கு இழப்பாகப் படுகிறது.

கைக்கும் விமானத்துக்கும் இடையில் ஏற்படும் இந்த ஊஞ்சல் தொடக்கக்காரர்களுக்கு மட்டும் வருவதல்ல. 1977 அக்டோபர் 26 அன்று கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் என்டர்பிரைஸ் விண்வெளி ஓடத்தைச் சோதனைக்காகத் தரையிறக்கியவர் ஃபிரெட் ஹெய்ஸ், அப்போலோ 13இல் போய் உயிரோடு திரும்பியவர். ஓடுபாதையை நெருங்கியபோது ஓடம் மேலும் கீழும், பிறகு பக்கவாட்டிலும் ஆடியது. சக்கரம் தொட்டதும் ஒருமுறை துள்ளி எழுந்து, பிறகுதான் தரையில் நின்றது. கட்டளை கொடுப்பதற்கும் ஓடம் பதில் சொல்வதற்கும் இடையே இருந்த தாமதம் முக்கியக் காரணம். அவ்வளவு பயிற்சி பெற்ற கையையே தாமதம் ஏமாற்றியது.

உங்கள் வீட்டிலும் அதே தாமதம் இருக்கிறது. ஸ்டிக்கிலிருந்து கணினிக்கு, கிராஃபிக்ஸ் கார்டுக்கு, திரைக்கு என்று ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சேர்கிறது. வரவேற்பறை டிவியில் ஓட்டுகிறவர்கள் முதலில் அதன் கேம் மோடை இயக்குங்கள். இல்லாவிட்டால் டிவி படத்தை மெருகேற்றவே நேரம் எடுத்துக்கொள்ளும். நீங்கள் நடந்து முடிந்ததைப் பார்த்துத் திருத்திக்கொண்டிருப்பீர்கள்.

ஆகவே வளைவு நேர்கோட்டில் இருக்கட்டும். டெட் ஸோன் (நடுவில் அசைவைக் கணக்கில் எடுக்காத பகுதி), ஸ்டிக்கின் நடுக்கத்தை மூடும் அளவுக்கு 2 அல்லது 3 சதவீதம் போதும். சின்னதாக ஓர் அழுத்தம் கொடுத்து, விட்டு, மூக்கு எங்கே போய் நிற்கிறது என்று பார்த்த பிறகு அடுத்த அழுத்தம். 60 டன் பொருள் திரும்புவதற்குக் கொஞ்சம் நேரம் கொடுக்கத்தான் வேண்டும். இப்படி நன்றாகப் பழகிய பிறகும், உங்கள் ஸ்டிக் குட்டையானது என்பதால் கை உறுத்தினால், −20 வரை போகலாம். அதற்கு மேல் போக ஒரு காரணத்தையும் நான் இதுவரை கண்டதில்லை.

கேம்பேடைச் செருகியே வைத்திருப்பது

பிடுங்குங்கள்.

ஏ320ஐ 737 போலப் பிடித்துக்கொண்டிருப்பது

737இல் வேகம் மாறினால் ட்ரிம், ஃபிளாப் (இறக்கையின் மடிப்புப் பலகை) இறக்கினால் ட்ரிம், த்ராட்டிலைத் தொட்டாலும் ட்ரிம். எஞ்சின்கள் இறக்கைக்குக் கீழே தொங்குவதால் சக்தி கூட்டியதும் மூக்கு எழும்பும். ட்ரிம் செய்யாமல் யோக்கைக் கையாலேயே இழுத்துப் பிடித்து வருகிறவருக்குக் கடைசி மைலில் கை சோர்ந்து ஆட்டம் வருவது நிச்சயம்.

ஏ320 நேர் எதிர். இயல்பு நிலையில் ட்ரிம்மைக் கணினிகளே பார்த்துக்கொள்கின்றன. ஸ்டிக்கை நடுவில் விட்டால் போகிற பாதையிலேயே போகும். 33 டிகிரிக்குள் சாய்த்துவிட்டு விட்டால் அந்தச் சாய்வு அப்படியே நிற்கும். அதைத் தாண்டினால் தானே 33க்குத் திரும்பும். இதைத் தெரியாமல் திருப்பம் முழுவதும் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டிருப்பவர் கணினியோடு மல்லுக்கட்டுகிறார். ஸ்டிக்கின் நடுப்புள்ளி கொஞ்சம் விலகியிருந்தாலே ஏ320 அதை ஒரு கட்டளையாக எடுத்துக்கொண்டு சாய்ந்துகொண்டே போகும். சந்தேகம் வந்தால் கையை எடுத்துவிட்டு, ஈகாம் என்ற கண்காணிப்புத் திரையில் எஃப்/சிடிஎல் (கட்டுப்பாட்டுப் பலகைகள்) பக்கத்தைத் திறந்து எய்லரான் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கைப் பலகை), எலிவேட்டர் குறிகள் அசைகின்றனவா என்று தரையிலேயே பாருங்கள்.

தரையிறங்கும்போது மூக்கு தானாகத் தாழ்கிறது என்று ஒரு புகாரும் அடிக்கடி வரும். அது வடிவமைப்பே அப்படி. 50 அடியில் விமானம் தன் மூக்கின் நிலையை நினைவில் வைத்துக்கொள்கிறது. 30 அடியிலிருந்து 8 விநாடியில் 2 டிகிரி கீழ்நோக்கிய நிலைக்கு அதைத் தாழ்த்தத் தொடங்குகிறது. விமானி இழுத்துத் தரையிறக்குவது இயல்பாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக. மென்மையாக இழுத்தால் போதும்.

எடை பார்க்காமல் கிளம்புவது

737-800இன் அதிகபட்சப் புறப்பாட்டு எடை சுமார் 79 டன், அதிகபட்சத் தரையிறங்கும் எடை சுமார் 66 டன். தொட்டி நிறைய எரிபொருள் போட்டு முப்பது நிமிடப் பயணம் போனால், தாங்க வேண்டியதைவிடப் பல டன் அதிகத்தோடு இறங்குவீர்கள். எடையைப் பின்பக்கம் குவித்தாலோ மூக்கு இன்னும் துடுக்காகும். புறப்படும் முன் ட்ரிம் அதன் அளவுகோலின் பச்சைப் பட்டைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபிரேம் குறைந்தும் அழகைக் குறைக்காமல் இருப்பது

எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டர் பறத்தலை ஒவ்வொரு ஃபிரேமிலும் கணக்கிடுகிறது. விநாடிக்கு 20 ஃபிரேமுக்குக் கீழே போனால் நேரத்தையே மெதுவாக்கிவிடும். மேகமும் நிழலும் குறைந்தால் ஆட்டோபைலட் திருந்திவிடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

நான்கு மடங்கு நேர வேகத்தில் திரும்புவது

நீண்ட பயணத்தில் சிமுலேட்டரின் நேரத்தை வேகப்படுத்தியிருந்தாலும், திரும்பும்போதும் இறங்கும்போதும் ஒரு மடங்கு. வேறு பேச்சே இல்லை.

முழு எடையோடு 41,000 அடி

737-800க்கு அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச உயரம் 41,000 அடி என்பது எல்லா எடைக்கும் பொருந்தாது. அங்கே காற்று மெல்லியது, ஆட்டத்தை அடக்கும் தன்மையும் குறைவு. வேகப் பட்டையில் மேலும் கீழும் இருக்கும் எச்சரிக்கைக் குறிகள் நெருங்கி வந்து, நடுவில் ஒரு சின்ன இடைவெளி மட்டும் மிஞ்சியிருக்கும். அந்த இடைவெளிக்குள் ஆட்டோபைலட் தடுமாறும். சிடியு எனும் பறத்தல் கணினித் திரையின் குரூஸ் பக்கத்தில் அப்போதைய எடைக்கு ஏற்ற உயரமும் அதிகபட்ச உயரமும் போட்டிருக்கும். அதிகபட்சத்தை ஒட்டிப் பறந்துகொண்டிருந்தால், 2,000 அடி இறங்கிவிட்டு, எரிபொருள் எரிந்து எடை குறைந்த பிறகு மேலே ஏறுங்கள்.