கோர்ஸ் அவுட்லைனை முதல் வாரத்திலேயே படித்து முடிப்பது எப்படி?

ஆகஸ்ட் பிறந்தால் போதும், சிங்கப்பூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாராவது ஒரு முதலாமாண்டு மாணவர் மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்துவிடுவார். நான் சில வருடம் டுடோரியல் வகுப்பு (விரிவுரையை ஒட்டி நடக்கும் சிறு குழு வகுப்பு) எடுத்திருக்கிறேன், அதனால்தான். போன தடவை வந்தது என் அக்கா மகன். தேசிய சேவையை (இங்கே ஆண்கள் கட்டாயம் செய்யும் படைப்பணி) முடித்துவிட்டு அப்போதுதான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தான்.

"கோர்ஸ் அவுட்லைன் படிச்சியாப்பா?"

"பார்த்தேன் சித்தி. எக்ஸாம் 40 பெர்சென்ட். மத்ததெல்லாம் எல்லாப் பாடத்துக்கும் ஒரே மாதிரிதானே இருக்கும்."

ஒரே மாதிரி இருக்காது. ஒரே துறையில் ஒரே விரிவுரையாளர் நடத்தும் இரண்டு பாடங்களுக்குக்கூட விதிகள் மாறும். பாடத்தின் மதிப்பெண், கெடு, விதிகளையெல்லாம் சொல்லும் அந்த நாலைந்து பக்கத் தாளை எல்லோரும் நல்ல நாளை மனத்தில் வைத்துப் படிக்கிறார்கள். அதைக் கெட்ட நாளுக்காகப் படிக்க வேண்டும். காய்ச்சல் வந்தால், வைஃபை போனால், குழுவில் ஒருவர் காணாமல் போனால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே படியுங்கள். ஒரு பாடத்துக்கு அரை மணி நேரம் போதும்.

படி 1: தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்

ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஓர் இணையப் பாடத்தளம் உண்டு: என்யுஎஸ்ஸில் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) கேன்வாஸ், என்டியுவில் (நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) என்டியுலேர்ன், எஸ்எம்யுவில் (சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம்) ஈலேர்ன். அங்கே உங்கள் பாடத்துக்குள் போய் அவுட்லைனைப் பதிவிறக்கி, கோப்பின் பெயரிலேயே தேதியைச் சேர்த்துவிடுங்கள். இரண்டாம் வாரத்தில் சிலர் சத்தமில்லாமல் புதிய பதிப்பை ஏற்றுவார்கள். இரண்டும் கையில் இருந்தால் எது மாறியது என்று தெரியும்.

படி 2: மதிப்பெண் பங்கீட்டைப் பிரித்துப் பாருங்கள்

அக்கா மகனின் தாளில் இருந்தது இது: இறுதித் தேர்வு 40, இடைத்தேர்வு 20, குழுத் திட்டப்பணி 25, வகுப்புப் பங்களிப்பு 15. அவன் கண்ணுக்குப் பட்டது 40 மட்டும். நான் 15-ஐச் சுற்றி வட்டம் போட்டேன்.

அந்தப் பாடத்துக்குப் பத்து டுடோரியல். அப்படியென்றால் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒன்றரை மதிப்பெண். சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வந்தால் அது கிடைக்காது. வருகை வேறு, பங்களிப்பு வேறு என்று தாளில் எழுதியே இருந்தது. எஸ்எம்யுவில் வகுப்புகளே சிறு குழுக் கலந்துரையாடலாக நடப்பதால் அங்கே இந்தப் பங்கு இன்னும் கனமாக இருக்கும். நம் பிள்ளைகளில் பலர், குறிப்பாக ஊரிலிருந்து நேரே வந்து சேர்பவர்கள், கேட்டால் மட்டும் பேசிப் பழகியவர்கள். பேச்சே வராது என்றால் ஒரு வழி சொல்கிறேன். வகுப்புக்கு முன்னால் ஒரே ஒரு கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு போய், முதல் பதினைந்து நிமிடத்துக்குள் கேட்டுவிடுங்கள். நேரம் ஆக ஆக வாய் திறப்பது கடினமாகிக்கொண்டே போகும்.

இன்னொரு கணக்கும் போட்டுவிடுங்கள். என்யுஎஸ்ஸில் 4 யூனிட் பாடம் ஒன்றுக்கு, விரிவுரையும் சொந்தப் படிப்பும் சேர்த்து, வாரம் 10 மணி நேரம் என்பது எதிர்பார்ப்பு. ஐந்து பாடம் எடுத்தால் 50 மணி நேரம். பகுதிநேர டியூஷன் வேலைக்கு எத்தனை பிள்ளைகளை ஒப்புக்கொள்ளலாம் என்பதை இதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.

படி 3: கெடுவை மணிக் கணக்கில் படியுங்கள்

நான் பார்த்த விபத்துகளில் பாதி இங்கேதான் நடந்தன.

முதலில் நேரம். 'வெள்ளி, 23:59' என்றால் குழப்பமில்லை. 'வெள்ளி, 12 ஏஎம்' என்றால்? அது வியாழன் இரவு முடிந்து வெள்ளி பிறக்கும் நேரம். வெள்ளி முழுவதும் கையில் இருக்கிறது என்று நினைத்து அன்று காலை நூலகத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த ஒருவருக்கு, அப்போதே ஒன்பது மணி நேரத் தாமதம். அந்த ஒருவர் நானேதான், என் முதல் செமஸ்டரில்.

அடுத்தது தண்டனை. 'நாளொன்றுக்கு 10 விழுக்காடு குறைக்கப்படும்' என்று இருந்தால், எதில் 10 விழுக்காடு என்று தேடுங்கள். நீங்கள் எடுத்தது 72, தாமதம் இரண்டு நாள் என்று வைத்துக்கொள்வோம். பெற்ற மதிப்பெண்ணில் பிடித்தால் 57.6 மிஞ்சும். மொத்த 100-இல் நாளுக்கு 10 என்று பிடித்தால் 52. ஒரே வாக்கியம், ஐந்தரை மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம். 'நாளின் ஒரு பகுதியும் முழு நாளாகவே கொள்ளப்படும்' என்ற வரி இருந்தால் 00:07-க்கு ஏற்றியதும் ஒரு நாள் தாமதம்தான். சில பாடங்களில் இந்தப் பேச்சே கிடையாது, கெடு தாண்டினால் பூஜ்ஜியம்.

மூன்றாவது, ஏற்றிய கோப்பு. ஏற்றி முடித்ததும் அதையே திரும்பப் பதிவிறக்கித் திறந்து பாருங்கள். 'ஃபைனல்', 'ஃபைனல்2', 'ரியல் ஃபைனல்' என்று மூன்று கோப்பு வைத்திருப்பவர்கள் தவறானதை ஏற்றுவது வாராவாரம் நடக்கிற கதை.

படி 4: வார எண்ணைத் தேதியாக மாற்றுங்கள்

அவுட்லைனில் 'வாரம் 7: இடைத்தேர்வு' என்றுதான் இருக்கும். என்யுஎஸ் செமஸ்டரில் 13 பாட வாரங்கள். ஆறாவது வாரத்துக்குப் பிறகு வரும் இடைவேளை வாரத்துக்கு எண் கிடையாது. அதனால் நாட்காட்டியில் எட்டாவதாக வரும் வாரம்தான் 'வாரம் 7'. விரலை விட்டு எண்ணாமல் பல்கலைக்கழகத்தின் கல்வி நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாத் தேதிகளையும் ஒரே முறை கைப்பேசியில் ஏற்றிவிடுங்கள்.

அப்புறம் நம் விசேஷங்கள். தீபாவளி பொது விடுமுறை. ஆனால் முதல் செமஸ்டரில் அது எப்போதும் நெருக்கடியான நேரத்தில்தான் வரும். 2025-இல் அக்டோபர் 20, திங்கள்; என்யுஎஸ்ஸுக்கு அது பத்தாவது வாரம். அன்றைய டுடோரியலுக்கு மாற்று வகுப்பு எப்போது என்று பார்த்துவையுங்கள். தைப்பூசம் அப்படியில்லை. 1968-இலிருந்து இங்கே அது பொது விடுமுறைப் பட்டியலில் இல்லை. 2025-இல் பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை வந்தது. இரண்டாம் செமஸ்டரின் ஐந்தாவது வாரம். சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை காவடி எடுக்கப்போகிறவர் மறுநாள் காலை எட்டு மணி லேப் வகுப்பில் எப்படி நிற்பார்? விரதம் தொடங்கும்போதே டியூட்டரிடம் சொல்லி, அந்த ஒரு வாரத்துக்கு வேறு குழுவில் உட்கார முடியுமா என்று கேளுங்கள். முன்கூட்டிக் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

படி 5: வர முடியாவிட்டால் என்ன செய்வது

எம்சி (மருத்துவச் சான்றிதழ்) இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். மூன்று கேள்விக்குத் தாளில் விடை தேடுங்கள். எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும்? யாரிடம், டியூட்டரிடமா, அலுவலகத்திலா, இணையப் படிவத்திலா? தேர்வுக்கு, காணொளி வழியாக மருத்துவரைப் பார்த்து வாங்கிய எம்சி செல்லுமா? நேற்றைய தேதி போட்டு இன்றைக்கு வாங்கிய எம்சியை நம்பி இருக்காதீர்கள். தவறவிட்ட இடைத்தேர்வுக்கு மறுதேர்வு உண்டா, அல்லது அந்த 20-ஐயும் இறுதித் தேர்வில் சேர்த்து அதை 60 ஆக்கிவிடுவார்களா என்பதையும் பாருங்கள். இரண்டாவது வழி கேட்க நன்றாக இருக்கும், ஆனால் எல்லா முட்டையும் ஒரே கூடையில்.

இழப்பு நேர்ந்தால் எடுக்கும் விடுப்பு தனி விஷயம். விதிகளில் 'நெருங்கிய குடும்பத்தினர்' என்று இருக்கும். அதற்குப் பொதுவாக பெற்றோர், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி என்றுதான் பொருள். தாய்மாமன் தவறிவிட்டார், திருச்சிக்குப் போயே ஆக வேண்டும் என்றால் படிவத்தில் அவருக்கு ஒரு கட்டம் இருக்காது. விமானம் ஏறுவதற்கு முன் இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள்: அவர் உங்களுக்கு என்ன உறவு, உங்கள் வீட்டுச் சடங்கில் அவருடைய இடம் என்ன, எப்போது திரும்புவீர்கள். திரும்பி வந்து சொன்னால் அது சாக்கு மாதிரிக் கேட்கும்.

படி 6: எது உங்கள் சொந்த எழுத்து?

கட்டுரைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் டர்னிடின் மென்பொருள் காட்டும் விழுக்காட்டைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். மற்ற எழுத்துகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைத்தான் அது காட்டும். திருட்டா இல்லையா என்று முடிவு செய்வது ஆசிரியர். ஒரு பாடத்துக்கு எழுதிய கட்டுரையை அனுமதி இல்லாமல் இன்னொரு பாடத்துக்குக் கொடுப்பதும் குற்றம்தான். நானே எழுதியதுதானே என்ற வாதம் எடுபடாது.

ஏஐ விதி பாடத்துக்குப் பாடம் மாறுகிறது: ஓரிடத்தில் தாராளம், ஓரிடத்தில் சொல்லிவிட்டுப் பயன்படுத்தலாம், ஓரிடத்தில் தொடவே கூடாது. 2025-இல் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்று மாணவர்கள் மீது ஏஐ பயன்படுத்தியதாகக் குற்றச்சாட்டு வந்து செய்தியாயிற்று. அவர்களில் ஒருவர், மேற்கோள் பட்டியலை அகரவரிசையில் அடுக்கத்தான் ஓர் இணையக் கருவியைப் பயன்படுத்தினேன் என்றார். ஆகவே 'ஏஐ கூடாது' என்று ஒற்றை வரியில் இருந்தால் இலக்கணத் திருத்தம், மொழிபெயர்ப்பு, மேற்கோள் அடுக்குவது எல்லாம் அதில் அடங்குமா என்று எழுத்திலேயே கேளுங்கள். தமிழில் யோசித்து எழுதி, பிறகு இயந்திரத்தை வைத்து ஆங்கிலமாக்கும் பழக்கம் உள்ளவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். வரைவுகளையெல்லாம் அழிக்காமல் வைத்திருங்கள். சந்தேகம் வந்தால் உங்களுக்குச் சாட்சி அவைதான்.

படி 7: விலகும் தேதியும் ஒரு மின்னஞ்சலும்

பாடம் ஒத்துவரவில்லை என்றால் விலகலாம், ஆனால் எப்போது என்பது முக்கியம். என்யுஎஸ்ஸில் இரண்டாம் வார முடிவுக்குள் என்றால் தடயம் இருக்காது. இடைவேளை வாரம் முடியும் வரை என்றால் மதிப்பெண் பட்டியலில் 'டபிள்யூ' (விலகல்) விழும். அதற்குப் பிறகு 'எஃப்' (தோல்வி). மற்ற இடங்களில் கெடு வேறு. தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படித்து முடித்ததும் தாளில் விடை இல்லாத கேள்விகள் இரண்டு மூன்று மிஞ்சும். அவற்றை ஒரே மின்னஞ்சலில் கேளுங்கள். தலைப்பில் பாடக் குறியீடும் டுடோரியல் குழு எண்ணும் இருக்கட்டும். 'ரெஸ்பெக்டட் சார்' தேவையில்லை, 'டியர் ப்ராஃப்' போதும். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று டியூட்டரே சொன்னால் அப்படியே கூப்பிடுங்கள். முதல் இரண்டு வாரம் நாக்கு கூசும். அக்கா மகன் அன்று அனுப்பிய மின்னஞ்சலில் இருந்தது ஒரே கேள்வி: அந்த 10 விழுக்காடு எதில்? பதில் மறுநாள் காலையே வந்தது. மொத்த 100-இல்தானாம்.